கடலட்டைக் குஞ்சுகளைப் பொரித்தலும் கடலில் விடுதலும்

பரவைக் கடலோரத்தில் நெற்காணியுடைய கமக்காரர் சிலர் இப்பொழுது கடலட்டை வளர்ப்பிலும் இறங்க விரும்புகின்றனர். நாற்றுமேடையும் நடுகையும் அறிந்த உங்களுக்கு இத்தொழில் விளங்காத வித்தையன்று. ஆனால், முதலை இடுமுன் சில விடயங்களை அறிந்துகொள்ளல் வேண்டும்.

பொரித்து வளர்ப்பதற்கேற்றது வெள்ளை அட்டை என்னும் இனமாகும். இதில் ஆணும் பெண்ணும் வேறு வேறு. அவை விந்தையும் முட்டையையும் தண்ணீரிலேயே விடும். ஆண்பூ எட்டாத் தூரத்திலிருந்தால் பாகற்கொடியிற் காய் பிடியாதல்லவா? அவ்வாறே பெரிய அட்டைகள் அருகிப்போன கடலில், எஞ்சியவை முட்டை விட்டாலும் அது கருக்கட்டுவதரிது. அளவுக்கு மிஞ்சிப் பிடித்த கடல் எளிதிற் தேறாமைக்கு இதுவே காரணம்.

தொட்டியிற் பொரிப்பிக்கும் முறை 1988ஆம் ஆண்டிலே தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாகக் கைகூடியது. தாயட்டைகள் உள்ள நீரின் வெப்பத்தை 3 முதல் 5 பாகை செல்சியசு வரை உயர்த்துவர். ஆண் அட்டை முன்னுடலை நிமிர்த்தி அசைந்து, புகைபோல விந்தை விடும். பின்னரே பெண் முட்டையிடும். விந்து மிகுந்தால் முட்டை கெடுமாதலின் ஆண்களை விரைவில் அகற்றல் வேண்டும். ஒரு பெண் பத்து இலட்சம் முட்டைகள் வரை இடக்கூடும். ஆயினும் மிதந்து திரியும் குடம்பிப் பருவத்தின் இரண்டு வாரங்களில் மிகப் பல மடிந்துவிடும். தப்பியவை நுண்பாசி படர்ந்த தகடுகளில் ஒட்டி வளரும். இவ்வேலை பயிற்சி பெற்றோர்க்கே உரியது. நீங்கள் குஞ்சை விலைக்கு வாங்குதலே நலம்.

வாங்கும்போது ஏமாறற்க. மலிவென்று நெல்மணியளவான குஞ்சுகளை வாங்கிக் கடலில் விடுதல், முளைத்த அன்றே நாற்றைப் பிடுங்கி நடுவதை ஒக்கும். நண்டுகளுக்கே அவை இரையாகும். 3 கிராமுக்கு மேற்பட்டவற்றையே விடுக. அதுவரை நுண்ணிய வலைப்பையில் வளர்த்தல் வேண்டும்.

இடம் தெரிதலே எல்லாவற்றினும் முக்கியமானது. கடற்புல் வளரும் மணற்சேறு உகந்தது. பாறையும் வெறுமணலும் ஆகா. வற்றுப்பெருக்கின்போது நிலம் வெயிலிற் காயலாகாது. கடல்நீரில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 35 பங்கு உப்புண்டு. பெரும்போக மழையில் வயல்நீர் பெருகி அது 20க்குக் கீழிறங்கினால் அட்டைக்கு ஆபத்தாகும். ஆகவே, வடிகால் வந்து விழும் முகத்துவாரத்தில் அடைப்பு அமைத்தல் ஒருபோதும் தகாது. நாம் வயலில் தெளிக்கும் பூச்சிநாசினியும் அவ்வழியே செல்லும் என்பதை மறவாதீர்கள்.

அடைப்பினுள் நெருக்கி விடுதலும் பெருந்தவறு. அட்டைக்கு நாம் தீனி போடுவதில்லை. சேற்றிலுள்ள மக்கிய பொருளையே அது உண்கின்றது. நெருங்கினால் எல்லாம் குறுகி நிற்கும். விலைக்குரிய பருமனடைய ஓராண்டுக்கு மேலாகலாம். அதுவரை வட்டி கட்ட இயலுமா என்பதையும் கணக்கிடுக.

அடைப்பு அமைக்குமுன் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி பெறல் வேண்டும். வள்ளம் செல்லும் வழியையும் வலை போடும் இடத்தையும் மறித்தலாகாது, கடல் உறுதிக்காணியன்று. அவ்விடத்து மீனவர் சங்கத்துடன் முதலிற் பேசுக.

குஞ்சு வந்த பையைச் சிறிது நேரம் கடலில் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகக் கடல்நீரைச் சேர்த்தபின், கையாற் புல்லடியில் வைக்க; மேலிருந்து கொட்டற்க. ஒரு மாதங் கழிந்தபின் இருட்டில் விளக்குடன் சென்று எண்ணுக. பகலிற் பல சேற்றுட் புதைந்திருக்குமாதலின் கணக்குப் பிழைக்கும்.