டாக்டர் எழுதாமல் விட்ட ஒரு சொல்

பயோமெடிக்கல் முடித்தவர்கள் மட்டும் இல்லை, மெக்கானிக்கல் படித்த சீனியர்கள் சிலரும் இப்போ மெடிக்கல் கோடிங் வேலையில் இருக்காங்க. அமெரிக்க மருத்துவமனை ரெக்கார்டைப் படித்து, நோய்க்கு உரிய கோடைப் போடுவது வேலை. "பார்த்து டைப் பண்றதுதானே?" என்று கேட்பவர்களுக்காக ஒரு கற்பனைக் கேஸ்.

70 வயது அம்மா. இரண்டு வருடம் முன்பு நுரையீரல் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்து அட்மிட் ஆனவர். இன்று வழக்கமான செக்கப். டாக்டர் எழுதியது இவ்வளவுதான்: "பல்மனரி எம்பாலிசம். அபிக்ஸபேன் தொடரவும்." அபிக்ஸபேன் என்பது ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை. நீங்க என்ன கோடு போடுவீங்க?

ஐசிடி-10-சிஎம் புத்தகத்தின் இண்டெக்ஸில் தேடினால், நேராக ஐ26.99-ல் கொண்டுபோய் விடும். அது புதிதாக வந்த, அதாவது அக்யூட் அடைப்புக்கான கோடு. நம்ம பாஷையில் டீஃபால்ட் வேல்யூ. டாக்டர் ஆர்க்யுமென்ட் கொடுக்கலைன்னா ஃபங்ஷன் தானாகவே 'அக்யூட்' என்று எடுத்துக்கும். எரர் மெசேஜும் வராது. செக்கப்புக்கு நடந்து வந்த அம்மாவுக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இன்றைக்கு வந்த மாதிரி ரெக்கார்டு ஆகிவிடும்.

உண்மையில் என்னவாக இருக்கலாம்? பெரும்பாலோருக்குக் கட்டி சில மாதங்களில் கரைந்துவிடும். இன்னொன்று வராமல் தடுக்க மட்டும் மாத்திரை தொடர்ந்தால், அது பழைய கதை: இசட்86.711. சிலருக்கு முழுசா கரையாது, தழும்பு மாதிரி இறுகிக் குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதுதான் நாள்பட்ட அடைப்பு, ஐ27.82. இவை இரண்டும் ஒன்றாக வரக்கூடாது, புத்தகமே தடுக்கிறது. எதுவானாலும் நீண்டகால மாத்திரைக்கு இசட்79.01 கூடவே வரும். ஒட்டிய கட்டியால் நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறி, இதயத்தின் வலது பக்கம் திணற ஆரம்பித்தால் அது சீடெஃப். அதற்குத் தனிக்கோடு, ஐ27.24.

"இரண்டு வருஷம் ஆச்சே, அப்போ நாள்பட்டதுதானே?" எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இத்தனை மாதம் ஆனால் நாள்பட்டது என்று கோடிங் விதியில் எங்கும் இல்லை. கட்டி இன்னும் இருக்கிறதா என்பதை டாக்டர்தான் சொல்லணும். சிடி ரிப்போர்ட்டில் பழைய கட்டியின் அடையாளம் இருந்தாலும், அதை வைத்து நாமே நோயைப் பெயரிட முடியாது. டாக்டரே "அக்யூட் ஆன் கிரானிக்" என்று எழுதியிருந்தால் இரண்டு கோடும் போடலாம், அக்யூட் முதலில்.

இதில் பணமும் இருக்கு. மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில், நோயாளிக்கு எவ்வளவு கடுமையான நோய்கள் பதிவாகிறதோ, அதற்கேற்ப இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அரசு கூடுதலாகக் கொடுக்கும். அமெரிக்க சுகாதாரத்துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் தன் தணிக்கைகளில் இதைத் தேடிப் பிடிக்கிறது: எம்பாலிசம் கோடு இருக்கு, ஆனால் ரத்த உறைவு தடுப்பு மாத்திரை வாங்கினதற்கான பதிவே இல்லை. பல கேஸ்களில் 'முன்பு இருந்தது' என்று போட்டிருக்க வேண்டியது. தப்பாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள்.

சரி, நம்ம அம்மாவின் கேஸுக்கு என்ன வழி? டாக்டருக்குக் கொரி அனுப்பணும். "இது நாள்பட்டது என்று எழுதித் தர முடியுமா?" என்று கேட்டால் பதிலை நாமே வாயில் திணிக்கிற மாதிரி, அது செல்லாது. இப்படிக் கேட்கலாம்:

"இரண்டு ஆண்டுகளுக்கு முன் பல்மனரி எம்பாலிசம். தற்போது அபிக்ஸபேன் தொடர்கிறது. இந்த விசிட்டில் நோயின் நிலையைக் குறிப்பிடவும்: அக்யூட் / நாள்பட்டது / முன்பு இருந்தது, இப்போது தடுப்புக்கு மட்டும் மருந்து / வேறு / தீர்மானிக்க இயலவில்லை."

பதில் வரும்வரை அந்த ரெக்கார்டு ஹோல்டில்தான் இருக்கும்.