"சும்மா இரு" - சொல்லும் பொருளும்

எமது வீடுகளில் பிள்ளைகளை நோக்கி நாம் ஒரு நாளில் அதிகமாகச் சொல்லும் வார்த்தை எதுவெனச் சற்றே சிந்தித்துப் பாருங்கள் அடியார்களே. "சும்மா இரு" என்பதே அது. அடுப்படியில் தாயார் சொல்வார். வயலிலிருந்து களைத்து வரும் தந்தையார் சொல்வார். கோயில் மண்டபத்தில் ஓடித் திரியும் சிறார்களுக்குத் தொண்டர்களும் சொல்வர். வாயை மூடு, தொந்தரவு செய்யாதே என்பதே நாம் அதற்குக் கொண்டிருக்கும் பொருள்.

இதே இரண்டு சொற்களைத்தான் சிவயோகசுவாமிகள் (1872 - 1964) தம்மைத் தேடி வந்தவர்களுக்கு உபதேசமாகச் சொன்னார்கள். சுவாமிகளை நல்லூர்த் தேரடியோடும் கொழும்புத்துறையோடும் சேர்த்தே பலரும் நினைப்பர். ஆனால் துறவு பூணுமுன் அவர் எமது கிளிநொச்சியில், நீர்ப்பாசனப் பகுதியில் களஞ்சியக் காப்பாளராக வேலை பார்த்தவர். எமது பிள்ளைகள் பலருக்கு இச்செய்தி தெரியாது. பொருட்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் உத்தியோகம் அது. மனம் வேறெங்கோ போனால் கணக்குப் பிழைத்துவிடும். பகலில் அந்த வேலை, மற்ற நேரத்தில் தியானம் என்று இந்த மண்ணிலே வாழ்ந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்து உறவினரிடம் வளர்ந்தவர் என்பதையும், அம்மம்மாவிடமும் மாமியிடமும் வளரும் எமது பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டும்.

சும்மா இருத்தல் என்பது சோம்பியிருத்தல் அன்று. வயலுக்குத் தண்ணீர் கட்டுபவரைப் பாருங்கள். மடையைத் திறந்துவிட்டு வரம்பில் நிற்கிறார். வெளியே பார்ப்பவருக்கு அவர் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கண் முழுவதும் தண்ணீரிலேயே இருக்கும். சிறிது நேரம் ஊர்க்கதைக்குப் போனாரானால் வரம்பு உடைந்துவிடும். கை தன் வேலையைச் செய்ய, மனம் நேற்றைய கோபத்திலும் நாளைய கடனிலும் ஓடாமல் முன்னால் உள்ளதில் நிற்பதே அது. கோயிலுக்கு வந்தும் எமக்கு இது வாய்ப்பதில்லை. அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கைத்தொலைபேசியில் நெல்விலை பேசுபவர்களுள் நானும் ஒருவன்.

பிள்ளை வளர்ப்பில் இது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. 2008ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது பட்டியை அவிழ்த்துவிட்டுத்தான் புறப்பட்டோம். 2009இல் செட்டிகுளம் முகாமில் தறப்பாளின் கீழ் இருந்த நாட்களில், எட்டு வயதான என் மகன் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பான். "அப்பா, எங்கட மாடுகளை ஆர் பாக்கினம்?" உறவுகளை இழந்து நின்ற எனக்கு அக்கேள்வி எரிச்சலையே தந்தது. "சும்மா இரு" என்று ஒருநாள் அதட்டினேன். அதன்பின் அவன் கேட்கவில்லை. பிள்ளை அடங்கிவிட்டான் என்றே நினைத்தேன். மீள்குடியேறி, பாடசாலை போய், பரீட்சைகள் எழுதி வளர்ந்தபோதும் என்னிடம் மட்டும் எதையும் சொல்லாதவனாகவே வளர்ந்தான். சும்மா இருந்திருக்க வேண்டியவன் நான்தான் என்பதை அன்று எனக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

இளம் பெற்றோர் சிலர் என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. மாலையில் சுவாமி விளக்கேற்றியதும் பத்து நிமிடம் நீங்கள் முதலில் அமருங்கள். பிள்ளையைப் பிடித்து இருத்த வேண்டாம். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனித்தபடி திருவைந்தெழுத்தை மனதுக்குள் சொல்லுங்கள். மனம் ஓடும், ஓடியதைக் கண்டதும் திரும்பி வாருங்கள், அவ்வளவுதான். சில நாளில் சின்னவர் தானாகவே வந்து மடியில் ஏறுவார். பின்னர் அவர் கதைக்கத் தொடங்கினால், புலமைப்பரிசில் புள்ளியை உடனே விசாரிக்காமல், தொலைபேசியை எடுக்காமல், சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்திருங்கள். பயந்ததைச் சொன்னால் "அதை மற" என்று தடுக்காதீர்கள். எமக்கும் அழுகை வரும் என்ற பயத்தினாலேயே பல வேளைகளில் நாம் பிள்ளைகளின் வாயை அடைக்கிறோம்.

கடந்த ஆண்டு பட்டிப்பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். மகனுக்கு இப்போது இருபது வயது கடந்துவிட்டது. கன்றொன்றின் கழுத்தைத் தடவியபடியே, "அப்பா, அண்டைக்கு அவிட்டு விடேக்க எங்கட சிவலைப் பசுவுக்கு வயித்தில கண்டு இருந்தது" என்றான். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவன் சொல்லி முடிக்க வெகுநேரம் எடுத்தது. இடையில் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.