களியாகிப் போன டிட்டாலினி

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் தம்பி மகன் ‘டிட்டாலினி’ என்று ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். சுண்டுவிரல் நகம் பெரிசில் குழாய்த் துண்டுகள். சேமியா மாதிரி நெய்யில் வறுத்து, அளந்து தண்ணீர் விட்டு, குக்கரில் மூன்று விசில் வைத்தேன். களியாகிவிட்டது. பாதிப் பொட்டலம் மிச்சமிருக்கிறது. பாயசம் வைக்கலாமா?

– ஒரு வாசகி, வ. புதுப்பட்டி

பதில்: பாயசம் இருக்கட்டும். வீட்டில் தட்டப்பயறு இருக்கிறதா?

‘டிட்டாலே’ என்றால், தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டும் உறை. அதன் குட்டிதான் டிட்டாலினி. இத்தாலிய வீடுகளில் இதைப் பயற்றோடு சேர்த்துக் கெட்டியான சூப்பாக வைப்பார்கள். ‘பாஸ்தா எ ஃபஜோலி’ என்று பெயர். பயறும் குழாயும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் ஒரே கரண்டியில் இரண்டும் வரும். இப்போது அங்கே போடும் பீன்ஸ், கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து போனது. அதற்கு முன் அவர்கள் சாப்பிட்டது நம் தட்டப்பயற்றின் இனம். ஆகவே தயங்காமல் போடுங்கள்.

ஒரு கப் பயற்றை ஊறவைத்துக் குக்கரில் வேகவிடுங்கள். குக்கரின் வேலை அத்தோடு சரி. பாதிப் பயற்றை மசித்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயில் பூண்டு, சின்ன வெங்காயம், வற்றல் மிளகாய், தக்காளி வதக்கி, பயற்றையும் வெந்த தண்ணீரையும் ஊற்றி, சாம்பாரைவிடச் சற்று நீர்க்க வையுங்கள். உப்பு போட்டு, தளதளவென்று கொதிக்கும்போது 100 கிராம் டிட்டாலினியைப் போட்டு, மூடாமல், அடிபிடிக்காமல் கிளறுங்கள். பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாக ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் லேசாகப் பல்லில் தட்டினால் இறக்கிவிடலாம். மீதி சூட்டிலேயே வெந்துவிடும். உடனே பரிமாறுங்கள். வைத்திருந்தால் சாற்றையெல்லாம் குடித்து ஊதிவிடும்.

நீங்கள் வறுத்ததில் தப்பில்லை. ஸ்பெயினில்கூடச் சேமியாவை எண்ணெயில் வறுத்துச் சமைப்பதுண்டு. கெடுத்தது விசில்தான். மூடிய பாத்திரத்துக்குள் பதம் பார்க்க வழி ஏது?

டிட்டாலினி தீர்ந்தபின் ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ மக்ரோனி வாங்கி இதையே செய்யலாம். பொட்டலத்தின் பின்புறம் படியுங்கள்: துரம் கோதுமை ரவை என்றிருந்தால் கட்டுக்குலையாது. மைதா என்றிருந்தால் சீக்கிரமே குழையும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

பாயசம்? தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து வடித்து, பிறகு பாலில் போட்டால் வரும். ஆனால் சேமியா மெல்லிசு, இனிப்பு உள்ளே இறங்கும். இது தடித்த சுவர்; பாலும் சீனியும் வெளியே நிற்க, குழாய் சப்பென்று கிடக்கும். நான் வைக்க மாட்டேன்.