நர்மதைக் கரையில் ஓர் அரண்மனை விடுதி

சுதேச மன்னர்களுக்கு வழங்கப்பட்டுவந்த மானியத்தையும் சிறப்புரிமைகளையும் நீக்கிய அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம் 1971ஆம் ஆண்டு நிறைவேறியது. மானியம் நின்ற பின்னர் மன்னர் குடும்பங்களிடம் எஞ்சியவை பெரும்பாலும் மாளிகைகளே. ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் கூரை ஒழுக்கை அடைக்கவும், உதிரும் காரையைப் பூசவும், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சவும் ஆகும் செலவுக்கு நிலவருவாயும் இல்லை, அரசு மானியமும் இல்லை என்ற நிலை ஏற்பட்டது. சில மாளிகைகள் கல்லூரிகளாகவும் அரசு அலுவலகங்களாகவும் மாறின. சில பூட்டிக் கிடந்து வௌவால்களின் இருப்பிடமாயின. வேறு சில விடுதிகளாயின.

மூன்றாவது வழி 1971க்கு முன்பே கண்டறியப்பட்டதுதான். செய்ப்பூரின் ராம்பாக் மாளிகை 1957இலேயே விடுதியாக்கப்பட்டது. உதயப்பூரில் பிச்சோலா ஏரியின் நடுவே 18ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஜக் நிவாஸ் 1963இல் விருந்தினருக்குத் திறக்கப்பட்டது. பின்னர் இத்தகைய விடுதிகள் பெருகவே, மத்திய சுற்றுலா அமைச்சகம் இவற்றுக்கெனத் தனி வகைப்பாட்டை வகுத்தது. 1950க்கு முன் கட்டப்பட்ட மாளிகை, கோட்டை, வேட்டை இல்லம் முதலியவை மரபுரிமை விடுதிகளாகக் கருதப்படும். 1935க்கு முற்பட்டவையும் 1920க்கு முற்பட்டவையும் அதனினும் உயர்ந்த படிகளில் வைக்கப்படும் என்பது இதன் அடிப்படை. கட்டடத்தின் வயதும் முகப்பும் அறைகளின் எண்ணிக்கையும் வசதியும் இவ்வாறு அளக்கப்படுகின்றன. விடுதி அமைந்துள்ள ஊருக்கு அதனால் வரும் வரவு என்ன என்பதை அளப்பது அத்துணை எளிதன்று. மத்தியப் பிரதேசத்தில் நர்மதையின் வடகரையில் உள்ள மகேசுவர் என்னும் சிற்றூர் இக்கேள்விக்கு ஓரளவு விடை தருகிறது.

இந்தூரிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், கார்கோன் மாவட்டத்தில் மகேசுவர் உள்ளது. அகல்யாபாய் ஹோல்கர் இதைத் தம் தலைநகராக்கிக் கொண்டார். 1725இல் சோண்டி என்னும் சிற்றூரில் பிறந்த அவர், 1754இல் கும்பேர் முற்றுகையில் கணவரை இழந்தார். 1766இல் மாமனார் மல்ஹர் ராவும், மறு ஆண்டில் ஒரே மகனும் மறைந்தனர். அதன்பின் ஆட்சிப் பொறுப்பேற்று, 1795இல் மறையும் வரை இவ்வூரிலிருந்தே மாளவத்தை ஆண்டார். ஆற்றை நோக்கி உயர்ந்து நிற்கும் கோட்டை அவருக்கு முற்பட்டது. அதனுள் அவர் வாழ்ந்த இல்லத்தை அரண்மனை என்று அழைப்பது வழக்கமாயினும், அது மரத்தூண்களும் முற்றமும் கொண்ட மராட்டிய பாணி வாடாவே ஆகும். பளிங்கு மண்டபங்களை எதிர்பார்த்து வருவோர் அதன் எளிமையைக் கண்டு சற்றே ஏமாற்றம் அடைவதுண்டு.

அகல்யாபாயின் நிருவாகத்தில் இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அரசுக் கருவூலம் வேறு, 'காஸ்கி' எனப்பட்ட அரச குடும்பத்தின் சொந்த வருவாய் வேறு என்ற பாகுபாடு ஹோல்கர் அரசில் இருந்தது. காசி விசுவநாதர் ஆலயத்தை 1780இல் மீண்டும் எழுப்பியது உட்பட, காசி முதல் இராமேசுவரம் வரை அவர் செய்த அறப்பணிகளுக்குச் சொந்த வருவாயிலிருந்தே செலவிட்டார் என்பது அவரது புகழுக்கு ஒரு முக்கிய காரணம். எது தன் பணம், எது ஊர்ப்பணம் என்ற இந்த வேறுபாடு, அவர் வாழ்ந்த கோட்டை விடுதியாகிவிட்ட பின்னரும் பொருளற்றுப் போய்விடவில்லை.

1818இல் மந்தசோர் உடன்படிக்கைக்குப் பின் தலைநகர் இந்தூருக்கு மாறியது. மகேசுவர் யாத்திரைத் தலமாகவும் நெசவாளர் ஊராகவும் நிலைத்தது. இந்தூர் சமஸ்தானம் 1948இல் மத்திய பாரதத்துடன் இணைந்தது. அதன் கடைசி மன்னர் இரண்டாம் யசுவந்த் ராவின் மைந்தர் ரிச்சர்டு ஹோல்கர், கோட்டைக்குள் குடும்பத்தின் வசமிருந்த பகுதியைச் செப்பனிட்டு, விருந்தினர் தங்கும் விடுதியாக ஆக்கினார்.

அறைகள் மிகச் சிலவே. விடுதிக்கெனக் கட்டப்படாத வீடு ஆதலின் ஓர் அறையைப் போல் மற்றோர் அறை இல்லை. ஒன்றின் சாளரம் ஆற்றை நோக்கும். மற்றொன்று முற்றத்தை நோக்கும். உணவும் வாடகையில் அடங்கியது. அந்த ஓரிரவு வாடகை இவ்வூர் நெசவாளி ஒருவரின் பல வாரக் கூலிக்குச் சமமாகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். விடியலில் மதிலருகே நின்று பார்த்தால் கீழே அகல்யா படித்துறை முழுவதும் தெரியும். நர்மதையை வலம் வரும் பரிக்கிரமா அடியார்கள் கோலும் கமண்டலமும் படியில் வைத்துவிட்டு நீராடுவர். பெண்கள் துணி துவைப்பர். கோட்டையினுள் வாடாவின் மறுபகுதியில் அந்தணர் கரிசல் மண்ணால் ஆயிரக்கணக்கான சிறு இலிங்கங்களைச் செய்து, பூசித்து, ஆற்றில் கரைப்பர். அகல்யாபாய் காலத்திலிருந்து தொடர்ந்து வரும் வழிபாடு இது. மாலையில் விருந்தினர் படகேறி, ஆற்றின் நடுவே பாறைமேல் நிற்கும் பாணேசுவரர் கோயில் வரை சென்று திரும்புவர். 'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் சில காட்சிகள் 2021இல் இவ்வூரில் எடுக்கப்பட்டன. ஆகவே இப்படித்துறைகளைத் தமிழர் பலர் ஊர்ப்பெயர் அறியாமலே கண்டிருப்பர்.

கட்டடத்தைக் காப்பது எவ்வாறு என்பதையும் நோக்க வேண்டும். பழைய சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. அடித்தளத்திலிருந்து சுவரில் ஏறும் ஈரம் அக்காரையின் நுண்துளைகள் வழியே வெளியேறிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, கல்லும் செங்கல்லும் பொரிந்து உதிரத் தொடங்கும். அரண்மனைகளை விடுதியாக்குவோர் அவசரத்தில் செய்யும் தவறுகளில் இதுவே பெரிது. அடுத்தது குளியலறை. நூற்றாண்டுகளாக ஒரு குடம் நீர்கூடச் சிந்தாத மாடி அறைகளில் குழாய்களைப் பதிக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத சிறு கசிவே உத்தரத்தை அரித்துவிடும். காரை அரைக்கவும், பழைய முறையில் மரம் இழைத்துப் பொருத்தவும் தெரிந்த கொத்தரும் தச்சரும் ஆண்டு முழுவதும் தேவைப்படுகின்றனர். வருவாய் உள்ள கட்டடமே இவர்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுக்க இயலும். பூட்டிக் கிடக்கும் மாளிகை இடிந்து விழும்போது அத்தொழில்களும் உடன் மறைகின்றன. அரண்மனை விடுதிகளுக்கு ஆதரவாகக் கூறப்படும் வாதங்களுள் இது வலுவானது.

வேலைவாய்ப்பு பற்றிய வாதம் அத்துணை வலுவானதன்று. சொகுசு விடுதியில் அறைக்கு இத்தனை பேர் என்ற விகிதம் உயர்ந்ததுதான். ஆயினும் அறைகளே சிலவாக இருக்கையில் சமையலர், தோட்டக்காரர், படகோட்டி எல்லோரும் சேர்ந்தாலும் ஓர் ஊரின் வேலையின்மையை அது தீர்க்காது. மேலும் நிமாடுப் பகுதி மத்தியப் பிரதேசத்தில் வெப்பம் மிகுந்த பகுதிகளுள் ஒன்று. அக்டோபர் முதல் மார்ச் வரை நிறையும் அறைகள் மே மாதத்தில் வெறிச்சோடும். சுற்றுலாவை மட்டுமே நம்பிய குடும்பம் ஆண்டில் பாதியை அரைவயிற்றோடு கழிக்க நேரிடும்.

மகேசுவரில் இந்நிலை சற்று மாறுபட்டிருப்பதற்குக் காரணம் தறி. அகல்யாபாய் வெளியூர்களிலிருந்து நெசவாளரை வரவழைத்துக் குடியமர்த்தினார். அரண்மனைக்கு வரும் விருந்தினருக்குப் பரிசளிக்கவே மகேசுவரிச் சேலைகள் முதலில் நெய்யப்பட்டன என்பது மரபுவழிச் செய்தி. பட்டும் பருத்தியும் கலந்த மெல்லிய துணி, இருபுறமும் உடுக்கத்தக்க கரை, கோடுகள் ஓடும் முந்தானை ஆகியன இச்சேலையின் அடையாளங்கள். கரையில் வரும் வடிவங்களுக்குச் செங்கல், பாய் முடைவு, வைரம் எனப் பெயர். அவற்றுட் பல, கோட்டைச் சுவரிலும் படித்துறையிலும் உள்ள செதுக்கு வேலைப்பாடுகளைப் பார்த்துச் செய்யப்பட்டவை. பருத்தி நூல் கோயம்புத்தூரிலிருந்தும் பட்டு நூல் பெங்களூரிலிருந்தும் செல்கின்றன. ஆதலால் கோவை ஆலையின் நூல் நர்மதைக் கரையில் சேலையாகி நாடெங்கும் திரும்புகிறது.

சமஸ்தானம் மறைந்தபின் ஆதரவின்றி நலிந்த இந்நெசவுக்கு மறுவாழ்வு வந்தது 1970களின் இறுதியில். ரிச்சர்டு ஹோல்கரும் அவர் துணைவியார் சாலி ஹோல்கரும், நர்மதையின் மறுபெயரான ரேவாவை நினைவூட்டும் ரேஹ்வா என்ற சங்கத்தைத் தொடங்கினர். மத்திய சமூக நல வாரியத்தின் உதவித் தொகை அதற்குத் தொடக்க மூலதனமாயிற்று. கோட்டை வளாகத்திலேயே தறிகள் அமைந்தன. பாவு சுற்றுவதும் நூல் சுற்றுவதும் மட்டுமே பெண்கள் வேலை என்றிருந்த நிலை மாறி, அவர்களே தறியில் அமர்ந்து நெய்யலாயினர். பின்னர் நெசவாளருக்கு வீடுகளும் குழந்தைகளுக்குப் பள்ளியும் உருவாயின. இங்குக் கால வரிசையைக் கவனிக்க வேண்டும். விருந்தினர் அறைகள் திறக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தறிகள் ஓசையெழுப்பத் தொடங்கிவிட்டன. விடுதி வந்து நெசவை வாழவைத்தது என்று எழுதுவோர் இதை மறந்துவிடுகின்றனர். நிற்கும் தொழில் ஒன்று முன்னரே இருந்ததால்தான், மாடியில் தங்கிய விருந்தினர் கீழே இறங்கிவந்து வாங்குவதற்குப் பொருள் இருந்தது. தறி மே மாதத்திலும் ஓடும் என்பது இன்னொரு நன்மை.

எனினும் எல்லாத் தறிகளும் சங்கத்தின் தறிகள் அல்ல. ஊரில் பல நெசவாளர் நூலும் வடிவமும் தரும் முதலாளிகளிடம் சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோரே. நகரத்துக் கடையில் மகேசுவரிச் சேலை பெறும் விலையும் அவர் கையில் சேரும் கூலியும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் உள்ளன. விசைத்தறிப் போலிகளும் சந்தையில் உள்ளன.

விடுதிக்கும் ஊருக்கும் பொதுவான மற்றொரு மூலதனம் ஆறு. மேற்கே ஓடும் இந்நதியில் மகேசுவருக்கு மேல், 1,000 மெகாவாட் திறனுள்ள இந்திரா சாகர் அணையும், 520 மெகாவாட் திறனுள்ள ஓங்காரேசுவர் அணையும் உள்ளன. இன்று படித்துறையில் நீர் ஏறுவதும் இறங்குவதும் மழையை மட்டுமன்றி மதகுகளையும் பொறுத்தது. மகேசுவரை அடுத்த மண்டலேசுவரில் தனியார் துறையில் 400 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது. நிலமும் வீடும் இழக்கவிருந்த கிராம மக்கள் 1998இல் அணைத்தளத்திலேயே ஆயிரக்கணக்கில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். திட்டம் இழுபட்டு, 2020இல் மின்சாரம் வாங்கும் ஒப்பந்தத்தை மாநில அரசு நீக்கியது. சாளரத்தில் தெரியும் ஆற்றின் அழகுக்காக விருந்தினர் பணம் செலுத்துகிறார். அந்த அழகு விடுதிக்காரரின் உடைமையன்று. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, ஆற்றங்கரை விடுதிகள் தம் கழிவுநீரைத் தூய்மை செய்தே வெளிவிட வேண்டும். ஆயின் விடுதி அதைச் செய்துவிட்டாலும், ஊரின் சாக்கடை ஆற்றில் கலக்குமானால் பயனில்லை.

இங்கேதான் வரவுசெலவுக் கணக்கு இடறுகிறது. ஓரிரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறை வாடகையின் மீது 18 சதவீதம் சரக்கு-சேவை வரி விதிக்கப்படுகிறது. அது புதுதில்லிக்கும் போபாலுக்கும் பங்காகிறது. படித்துறையைப் பெருக்கி, திருவிழாக் கூட்டத்துக்குக் குடிநீர் வைத்து, மழைக்குப் பின் படிகளில் படிந்த வண்டலை அள்ளும் பொறுப்பு உள்ளூர் நகர மன்றத்தைச் சார்ந்தது. அதன் கைக்கு வருவது பெரும்பாலும் சொத்துவரியும், மேலிருந்து அளந்து விடப்படும் மானியமுமே. வாடகை வரியில் ஒரு சிறு பங்கை, விடுதி அமைந்த ஊரின் மன்றத்துக்கே நேராகத் திருப்பிவிடுவது குறித்து மாநில அரசு எண்ணிப் பார்க்கலாம்.

மகேசுவரில் மெச்சத்தக்க ஏற்பாடு ஒன்றுண்டு. அகல்யாபாய் வீற்றிருந்த இருக்கையும் அவர் வழிபட்ட இடமும் உள்ள பகுதிக்குள் ஊரார் எவரும் செல்லலாம். படித்துறைக்கு இறங்கும் வழியும் அடைபடவில்லை. எல்லா அரண்மனை விடுதிகளிலும் இவ்வாறு இல்லை. வாயிற்காவலரைத் தாண்டி உள்ளூர்ப் பள்ளி மாணவர்கூடச் செல்ல முடியாத மாளிகைகள் நாட்டில் பல. மரபுரிமை விடுதி என்ற தகுதியை வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும், பொதுமக்களுக்கு எந்தப் பகுதி எந்நாட்களில் திறந்திருக்கும், விரிப்பும் திரையும் உள்ளூர்த் தறிகளிலிருந்து எந்த அளவுக்கு வாங்கப்படுகின்றன என்ற இரு விவரங்களையும் கேட்டுப் பெறலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. விண்ணப்பப் படிவத்தில் இரண்டு வரிகள் போதும்.