களஞ்சியமும் காவலும்

எம் மாணாக்கர் இருவர் அண்மையில் ஒரு வழக்காடினர். செய்நிரல்களை வைக்கும் கிற்ஹப் பெருநிறுவனத்தின் கையில் இருத்தலாற் பாதுகாப்பானது என்றார் ஒருவர். அதனாலேயே ஆபத்தானது என்றார் மற்றவர். தமிழ் கற்பிக்கும் எமக்கு இவ்வழக்கு இலக்கண வழக்காகவே தோன்றிற்று.

ஆறாம் வேற்றுமையிற் 'சாத்தனது கை' தற்கிழமை. 'சாத்தனது வீடு' பிறிதின்கிழமை. கிற்ஹப்பை 2018இல் மைக்ரோசொப்ற் 750 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கிற்று. 2020இல் கிற்ஹப், என்பிஎம் என்னும் களஞ்சியத்தையும் தனதாக்கிற்று. ஆயினும் அங்குள்ள திறந்த மூலச் செய்நிரல்கள் அந்நிறுவனங்களுக்குப் பிறிதின்கிழமையே. அவற்றை எவரும் படிக்கலாம், படியெடுக்கலாம், திருத்தி வழங்கலாம். விலைபோனது களஞ்சியம் மாத்திரமே.

உடையவர் இருத்தலாற் பயனில்லை என்பது எம் கருத்தன்று. 2016 மார்ச்சில், என்பிஎம் தனி நிறுவனமாயிருந்த காலத்தில், பொதியொன்றின் பெயர்பற்றிய பிணக்கில் அது ஒரு வணிக நிறுவனத்தின் பக்கம் நின்றது. மனம் நொந்த ஆசிரியர் தம் பொதிகள் 270க்கு மேற்பட்டவற்றை நீக்கிவிட்டார். அவற்றுள் ஒன்று லெப்ற்-பாட் என்னும் பதினொரு வரிச் செய்நிரல். (எம் மாணாக்கரின் கட்டுரைகளிலே முன்னுரைகூட இதனினும் நீளும்!) அதனைச் சார்ந்திருந்த எண்ணிறந்த செய்நிரல்கள் கட்டமைக்க இயலாது நின்றன. நிறுவனமே அதனை மீண்டும் வைத்து நிலைமையைச் சீராக்கிற்று. பிணக்கை மூட்டியதும் தணித்ததும் ஒரே கை.

காவலோ வேறு. எக்ஸ்-இசட் என்னும் சுருக்கற் செய்நிரல் லினக்ஸ் கணினிகளிற் பெருவழக்கானது. அதனை நெடுங்காலம் பேணியவர் ஊதியமின்றி உழைத்த தனியொருவர். 'ஜியா டான்' என்ற பெயரில் வந்தவர் இரண்டாண்டுக்கு மேலாக நல்ல திருத்தங்கள் அளித்து, நம்பிக்கை பெற்று, துணைப் பேணுநருமாகி, பின்பு வெளியீட்டுப் பொதிகளிற் கள்ளவாயில் ஒன்றை ஒளித்துவைத்தார். களஞ்சியத்தின் பூட்டு எதனையும் அவர் உடைக்கவில்லை. திறப்பு முறைப்படியே அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. 2024 மார்ச்சில் அதனைக் கண்டுபிடித்தவர் அன்ட்ரெஸ் ஃபுரொயின்ட். தொலைக் கணினியுட் புகுதற்கு ஏறத்தாழ அரைவிநாடி கூடுதலாகச் செல்வது கண்டு ஐயுற்றார். அவர் மைக்ரோசொப்ற் ஊழியரே. எனினும் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது போஸ்கிறெஸ் தரவுத்தளத்தின் வேகத்தை. எக்ஸ்-இசட்டைக் காக்க அவரை எவரும் அமர்த்தவில்லை.

செய்தி வெளியானதும் கிற்ஹப் அச்செய்நிரலின் பக்கத்தை மூடிற்று. ஆராய முற்பட்டோர்க்குச் சான்றும் அங்கே உடன் மூடப்பட்டது. நல்லகாலம், கிற் முறையில் எடுக்கப்படும் முழுப் படி ஒவ்வொன்றும் திருத்தங்களின் வரலாற்றையும் தன்னுட் கொண்டிருக்கும். பிறவிடங்களில் இருந்த படிகளைக்கொண்டே ஆய்வு தொடர்ந்தது.