நட்ட கணக்கும் நின்ற கணக்கும்

ஆண்டுதோறும் ஜூலை 26 அன்று, அலையாத்திக் காடுகளுக்கான உலக நாளில், கடலோர ஊர்களில் கன்று நடும் விழாக்கள் நடக்கின்றன. சேற்றில் இறங்கி நடுகிறவர்களின் அக்கறை பெரிது. ஆனால் சில தவறான நம்பிக்கைகள் அந்த உழைப்பை வீணாக்கிவிடுகின்றன. அவற்றைத் திருத்திக்கொள்வது அவசரம்.

நம்பிக்கை: கன்று நட்டால் காடு வந்துவிடும்.

உண்மை: இலங்கையில் 23 இடங்களில் நடந்த அலையாத்தி நடவுகளை ஆராய்ந்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. சுமார் 1,000 முதல் 1,200 ஹெக்டேரில் நட்டதில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேர்தான். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. ஓதநீர் எவ்வளவு ஏறும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று பாராமல் நட்டதும், நட்டபின் கவனிக்காமல் விட்டதும் முக்கியக் காரணங்கள்.

நம்பிக்கை: உப்புநீரில் வளரும் மரம் எவ்வளவு உப்பையும் தாங்கும்.

உண்மை: அலையாத்தி மரங்களில் ஒன்றான வெண்கண்டலின் இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை அது இலை வழியே வெளியேற்றுகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. தமிழ்நாட்டின் பிச்சாவரத்தில் ஆங்கிலேயர் காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். நிழல் போன சேறு வெயிலில் காய்ந்து அமுங்கியதால் நிலம் நடுவில் பள்ளமானது. ஓதத்தில் ஏறிய நீர் வற்றத்தில் வடிய வழியின்றித் தேங்கியது. தேங்கியது ஆவியாக ஆக, மண்ணில் உப்பு கூடிக்கொண்டே போனது. வெட்டிய இடத்தில் காடு திரும்பாததற்கு இதுவே காரணம்.

1990-களில் அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து முதலில் செய்தது மண்வெட்டி வேலை. ஓடையிலிருந்து பெரிய வாய்க்கால் ஒன்று, அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என மீன்முள் வடிவில் வெட்டினார்கள். நீர் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. பிறகே வாய்க்கால் சரிவுகளில் நட்டார்கள். மேட்டில் நட்டால் காயும், அடியில் நட்டால் மூழ்கும் என்பதால் சரிவின் நடுமட்டமே கன்றுக்கு ஏற்ற இடம்.

நம்பிக்கை: காட்டை அழித்தவர்கள் அதை நம்பிப் பிழைக்கும் மக்கள்தான்.

உண்மை: விறகும் மேய்ச்சலும் காட்டைப் பாதித்தது உண்டு. ஆனால் பிச்சாவரத்தில் பெருஞ்சேதம் செய்தது அரசு நடத்திய மொத்த வெட்டு. ஆற்றில் நன்னீர் வரத்துக் குறைந்தது அதை இன்னும் மோசமாக்கியது. பிச்சாவரத்து ஓடைகளில் தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு, எந்த வாய்க்கால் தூர்ந்திருக்கிறது என்பது காலை வைத்ததுமே தெரியும். அவர்களை விலக்கிவைத்து இந்தக் காட்டைக் காக்க முடியாது.

நம்பிக்கை: கரையில் வெறுமையாகக் கிடக்கும் இடமெல்லாம் மரம் நடலாம்.

உண்மை: வெறுமையாகத் தெரியும் சேற்றுவெளியில்தான் வலசை வரும் உள்ளான்கள் இரை தேடுகின்றன. மணல்மேட்டை அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் பிடித்துவைத்திருக்கின்றன. அலைவாய் வரை சவுக்கை நட்டால் ஆமைகள் முட்டையிட இடமில்லாமல் போகும்.

உங்கள் ஊரில் நடவு விழா என்றால் கன்றோடு மூன்று கேள்விகளையும் எடுத்துச் செல்லுங்கள். இங்கே ஓதநீர் வந்து வடிகிறதா? வாய்க்காலைத் தூர்வாரும் பொறுப்பும் பணமும் யாரிடம் இருக்கிறது? போன முறை நட்டதில் இன்று எத்தனை நிற்கிறது? பதில் கிடைக்காத இடத்தில் நடவைத் தள்ளிவைத்து, முதலில் நீருக்கு வழி செய்யச் சொல்லுங்கள்.