கிளட்ச் லிவர் இல்லாத பழைய டர்ட் பைக்: ஓட்டுவதும் பந்தயத்தில் இறங்குவதும்

கிளட்ச் லிவர் கிடையாது. ஓடும்போது காலால் கியர் மாற்றும் வேலையும் கிடையாது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி கிளம்பும். 1970களில் காட்டிலும் சேற்றிலும் ஓடிய டர்ட் பைக்குகளில் இந்த வகையில் பெயர் வாங்கியவை இரண்டு: அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உருவான ரோக்கான் ஆர்.டி. 340, ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா ஆட்டோமேட்டிக். பழைய வண்டிகளுக்கான பந்தயங்களில் இன்றும் இவற்றைப் பார்க்கலாம். "ஆட்டோமேட்டிக்தானே, யாரும் ஓட்டலாம்" என்று ஏறுகிறவர்கள் முதல் இறக்கத்திலேயே திணறிப்போவார்கள். ஆக்சிலேட்டரை விட்டாலும் வண்டி வேகம் சட்டெனக் குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு குணத்துக்குப் பழகுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் வேலை, உங்களிடம் உள்ள வண்டி எந்த வகை என்று புரிந்துகொள்வது.

ரோக்கானில் இருப்பது நம்மூர் ஸ்கூட்டிகளில் உள்ள அதே ஏற்பாடு: இரண்டு புல்லி, நடுவில் ஒரு அகலமான பெல்ட். எஞ்சின், பனியில் ஓடும் ஸ்னோமொபைலுக்காகச் சாக்ஸ் நிறுவனம் செய்த டூ-ஸ்ட்ரோக். உதைத்து ஸ்டார்ட் செய்ய முடியாது. ஜெனரேட்டர் போலக் கயிற்றை இழுக்க வேண்டும். ஹஸ்க்வர்னாவில் பெல்ட் இல்லை. நான்கு கியர்கள், அவற்றைச் சுழற்சி வேகத்தைக் கொண்டே பிடிக்கும் சென்ட்ரிஃபியூகல் கிளட்சுகள். வேகம் ஏற ஏற அடுத்த கிளட்ச் பிடித்துக்கொள்ளும், முந்தைய கியர் தானாக வழிவிடும். இப்படி வழிவிடுவதற்காக உள்ளே வைத்திருக்கும் ஃப்ரீவீல்தான், ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சினே வண்டியை மெதுவாக்கும் எஞ்சின் பிரேக்கிங்கைப் பறித்துவிடுகிறது. ஸ்வீடன் ராணுவம் இதே தொழில்நுட்பத்தில் 250 சிசி வண்டியை ஓட்டியது. பனியில் இருபுறமும் சறுக்குப் பலகை மாட்டி, காலை அதில் ஊன்றிக்கொண்டு வீரர்கள் போவார்கள். கியருக்குக் கால் தேவையில்லை என்பதன் அருமை அங்கேதான் தெரியும்.

இரண்டாவது, கில் ஸ்விட்ச். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். சாதாரண பைக்கில் ஆக்சிலேட்டர் கேபிள் சிக்கிக்கொண்டால் கிளட்சைப் பிடித்து உயிர் தப்பலாம். இங்கே அந்த லிவரே இல்லை. எஞ்சினை அணைக்கும் பொத்தான் ஒன்றுதான் வழி. கைப்பிடியை விடாமலேயே கட்டைவிரல் எட்டும் இடத்தில் அது இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் எஞ்சினை ஓடவிட்டு, அதை அழுத்தி அணைத்துப் பாருங்கள். ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கி விட்டால் 'டக்'கென்று திரும்ப வேண்டும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி வைத்தும் அப்படியே திரும்ப வேண்டும். கேபிளில் ஒரு நூல் பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது வண்டியைப் பக்கவாட்டில் நின்று தள்ளவே கூடாது. வலது மணிக்கட்டு லேசாக மடங்கினாலே போதும், வண்டி உங்களை இழுத்துக்கொண்டு ஓடிவிடும்.

மூன்றாவது, ஐட்லிங். அதைத் தாழ்வாக வையுங்கள். கூடுதலாக இருந்தால் நிற்கும்போதே கிளட்ச் உரசும், வண்டி முன்னே நகரப் பார்க்கும். சோக் போட்டுச் சூடேற்றும்போது ஹஸ்க்வர்னாவை நியூட்ரலில் வையுங்கள். சோக்கை எடுத்து, சத்தம் தணிந்த பிறகு பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கியரில் போடுங்கள். அவசரப்பட்டு முறுக்கிக்கொண்டே போட்டால் உள்ளே விழும் அடியின் சத்தம் கேட்கவே வலிக்கும். ஸ்டார்ட் ஆகாவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்ற நினைப்பு வேண்டாம். சக்கரத்திலிருந்து எஞ்சினுக்குச் சக்தி போகும் வழியே இல்லை.

இனி பிரேக். சமதளத்தில், ஆளில்லாத மைதானத்தில் தொடங்குங்கள். ஒரு கல்லை அடையாளமாக வைத்து, அங்கே நிற்கப் பழகுங்கள். வழக்கமாக நீங்கள் பிரேக் பிடிக்கும் இடத்தைவிட முன்னதாகவே பிடிக்க வேண்டியிருக்கும். முன் பிரேக்கை ஒரேயடியாக இறுக்காமல், அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

அடுத்தது இந்த வண்டிகளின் உயிர்நாடியான பழக்கம்: பின் பிரேக்கை மெல்ல உரசவிட்டுக்கொண்டே ஆக்சிலேட்டரைச் சிறிது திறந்து வைத்திருப்பது. வளைவுக்குள் நுழையும்போது முழுக்க மூடிவிட்டால் எஞ்சின் கழன்றுகொள்ளும், வண்டி மிதப்பது போல் ஆகும், மறுபடி முறுக்கும்போது ஒரு உதறலோடு பிடிக்கும். ஈரமான வேர் மீதோ உருண்டைக் கல் மீதோ அந்த உதறல் நடந்தால் பின் சக்கரம் வழுக்கிவிடும். சிறிது திறந்தே வைத்தால் எஞ்சின் பிடித்தபடி இருக்கும், வேகத்தைப் பிரேக் பார்த்துக்கொள்ளும். முதலில் விநோதமாக இருக்கும். பழகிய பிறகு சாதாரண பைக்கிலும் உங்கள் வளைவுகள் அழகாகிவிடும்.

நீண்ட இறக்கத்தில் முழு எடையும் பிரேக்கின் தலையில்தான். முன், பின் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்து ஆறவிடுங்கள். ஓடையைக் கடந்தால், அடுத்த இறக்கம் வருவதற்குள் பிரேக்கை உரசவிட்டு ஈரத்தைக் காயவையுங்கள். டிரம் பிரேக்குக்கு இது கட்டாயம். எஞ்சின் பிரேக்கிங் இல்லாததில் ஒரு நன்மையும் உண்டு. பெட்ரோலோடு கலந்த ஆயிலை நம்பி ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், ஆக்சிலேட்டரை மூடியபடி வேகமாகச் சுழன்றால் உராய்வில் இறுகிவிடும் ஆபத்து உண்டு. இங்கே மூடினால் எஞ்சின் ஐட்லிங்குக்கு வந்துவிடுகிறது. ஸ்வீடனின் சாப் நிறுவனம் தன் பழைய டூ-ஸ்ட்ரோக் கார்களில் ஃப்ரீவீல் வைத்ததற்கும் இதுதான் காரணம்.

ஏற்றத்தில் இவற்றுக்கு ஈடு இல்லை. தவறான கியரில் மாட்டி எஞ்சின் அணைந்துபோகும் பேச்சே கிடையாது. கீழேயே வேகம் எடுத்து, நடுவில் ஆக்சிலேட்டரை மூடாமல் ஏறிவிடுங்கள். ரோக்கானில் காதை நம்பாதீர்கள். எஞ்சின் ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருக்கும், வேகம் மட்டும் சத்தமில்லாமல் கூடிக்கொண்டே போகும். கண்ணைத் தூரத்தில் வைத்து ஓட்டுங்கள்.

பந்தயம் என்றால் முதலில் விதிப்புத்தகம். அமெரிக்காவில் பழைய வண்டிகளின் பந்தயங்களை நடத்தும் ஏ.எச்.ஆர்.எம்.ஏ. போன்ற அமைப்புகள், வண்டியின் ஆண்டை மட்டும் பார்த்துப் பிரிப்பதில்லை. சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கும் என்பதையும் பார்க்கின்றன. ரோக்கானில் அந்தக் காலத்திலேயே டிஸ்க் பிரேக் இருந்தது. அதற்கு எந்தப் பிரிவில் அனுமதி என்று பெயர் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். மோட்டோகிராஸை விடக் காட்டுவழிப் பந்தயத்தில் இறங்குங்கள் என்பதே என் யோசனை. குறுகிய பாதை, பாறை, சேறு, நீண்ட நேரம்: கை சோர்ந்து மற்றவர்கள் கியரைத் தவறவிடும்போது உங்கள் வண்டி ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும்.

தொடக்கத்தில் கிளட்சைப் பட்டென்று விட்டுப் பாய முடியாது. எஞ்சினை, கிளட்ச் பிடிக்கும் வேகத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, கொடி அசைந்ததும் முழுக்கத் திறங்கள். பிரேக்கைப் பிடித்தபடி முறுக்கிக்கொண்டு நின்றால் கிளட்சோ பெல்ட்டோ கருகும். எஞ்சினை அணைத்துவைத்துத் தொடங்கும் பந்தயமாக இருந்தால் ஸ்டார்ட் செய்வதைத் தனியாகப் பயிற்சி செய்யுங்கள். ரோக்கானில் உட்கார்ந்தபடியே கயிற்றை இழுக்கப் பழக வேண்டும். தாண்டிக் குதிக்கும்போது காற்றில் இருக்கையில் ஆக்சிலேட்டரை மேலும் முறுக்க வேண்டாம். பின் சக்கரம் தறிகெட்டுச் சுழன்று, தரையைத் தொடும்போது மொத்த அடியும் கியர்பாக்ஸில் விழும்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. ஹஸ்க்வர்னா கியர்பாக்ஸுக்குத் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். கையில் கிடைத்ததை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். வடித்த எண்ணெயைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள். கருகிய வாடையோ மினுமினுக்கும் உலோகத் துகளோ இருந்தால் அடுத்த பந்தயத்தை மறந்துவிட்டு கியர்பாக்ஸைப் பிரியுங்கள். ரோக்கானில் பெல்ட்டின் ஓரம் பளபளவென்று வழுவழுப்பாகியிருந்தால் மாற்றுங்கள். புல்லியில் கிரீஸ் படக்கூடாது, பெல்ட் அறைக்குள் தண்ணீர் போகக்கூடாது. மாற்று பெல்ட் ஒன்று எப்போதும் உடன் இருக்கட்டும்.

பல வண்டிகள் கியர்பாக்ஸைத் திறக்கத் துணியாத உரிமையாளர்களால்தான் ஷெட்டில் துருப்பிடிக்கின்றன. நீங்கள் ஒன்றைப் பிரித்தால் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, குறிப்பு எழுதி, அடுத்தவருக்குக் கொடுங்கள். வண்டியையும் பூட்டி வைக்காமல் ஓட்டுங்கள்.